பைபிளை ஆங்கிலத்தில் கொடுத்தவருக்கு மரண தண்டனை: யார் இந்த வில்லியம் டிண்டேல்?

1526-ம் ஆண்டின் பிற்பகுதி. லண்டன் புனித பவுல் பேராலய வளாகத்தில் மக்கள் கூட்டம். பிஷப் பிரசங்கம் செய்கிறார். அவர் முன்னிலையில் சின்னச் சின்னப் புத்தகங்கள் தீயில் போடப்படுகின்றன.

எரிந்தது என்ன புத்தகம் தெரியுமா? பைபிளின் புதிய ஏற்பாடு. எரிக்கச் சொன்னவர்? லண்டன் பிஷப்பேதான்.

பைபிளைப் பிரசங்கிக்க வேண்டிய பிஷப் ஏன் பைபிளை எரிக்கணும்? ஏன்னா, அது ஆங்கிலத்தில் இருந்தது. அதை மொழிபெயர்த்தவர் யாரிடமும் அனுமதி வாங்கவில்லை. அவர் பெயர் வில்லியம் டிண்டேல். சரியாகப் பத்து ஆண்டுகள் கழித்து அவரையும் எரித்தார்கள்.

ஒரு பிரசங்கியார் மேடையில் நின்று பேசும்போது, அவர் சொல்வது சரியா தப்பா என்று எதை வைத்து முடிவு செய்வது? அவர் வகிக்கும் பதவியை வைத்தா, அவர் கையில் இருக்கும் வேதத்தை வைத்தா? டிண்டேலின் மொத்த வாழ்க்கையும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் ஓடியது. அந்தக் கதையை விரிவாகப் பார்க்கலாம்.

அப்போது பைபிள் எந்த மொழியில் இருந்தது?

இன்றைக்கு மொபைலில் ஒரு ஆப் போட்டால் பைபிள் தமிழில் வந்து நிற்கிறது. 500 ஆண்டுகளுக்கு முன்பு இங்கிலாந்தில் நிலைமையே வேறு.

மேற்கு ஐரோப்பா முழுக்க தேவாலயங்களில் பயன்பாட்டில் இருந்தது லத்தீன் பைபிள். 4-ம் நூற்றாண்டின் இறுதியில் ஜெரோம் என்ற அறிஞர் தொடங்கிய மொழிபெயர்ப்பு அது. ஆராதனையும் லத்தீனில்தான். விவசாயி, நெசவாளி, கடைக்காரர் யாருக்கும் அது புரியாது. பாதிரியார் என்ன சொல்கிறாரோ அதுதான் வேதம். சில பாதிரியார்களுக்கே லத்தீன் அரைகுறைதான்.

14-ம் நூற்றாண்டின் கடைசியில் ஜான் விக்ளிஃபும் அவரது ஆதரவாளர்களும் லத்தீனில் இருந்து ஆங்கிலத்துக்கு பைபிளைக் கொண்டுவந்தார்கள். எல்லாம் கையெழுத்துப் பிரதிகள். அதற்கு எதிர்வினையாக, கேன்டர்பரி பேராயர் தாமஸ் அருண்டல் காலத்தில் ஒரு கடுமையான சட்டம் வந்தது. பிஷப்பின் அனுமதி இல்லாமல் பைபிளை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்கக் கூடாது, அப்படி மொழிபெயர்த்ததைப் படிக்கவும் கூடாது. அவ்ளோதான்.

இதற்கிடையே ஐரோப்பாவில் அச்சு இயந்திரம் வந்துவிட்டது. ஜெர்மன் மொழியில் 1466-லேயே பைபிள் அச்சாகிவிட்டது. மார்ட்டின் லூதரின் ஜெர்மன் புதிய ஏற்பாடு 1522-ல் வெளியானது. ஆனால் இங்கிலாந்தில் அச்சிட்ட ஆங்கில பைபிள் ஒன்றுகூட இல்லை.

ஆக்ஸ்ஃபோர்டு மாணவர், கிராமத்து வாத்தியார்

டிண்டேல் பிறந்தது 1494-ம் ஆண்டு வாக்கில், வேல்ஸ் எல்லையை ஒட்டிய குளோஸ்டர்ஷையர் பகுதியில். ஆக்ஸ்ஃபோர்டில் படித்து 1512-ல் பி.ஏ., 1515-ல் எம்.ஏ. பட்டம் பெற்றார். பாதிரியாராகவும் அபிஷேகம் செய்யப்பட்டார்.

மொழிகள் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் படிப்பு முறை மீது அவருக்குப் பெரிய வருத்தம் இருந்தது. இறையியல் படிக்க வருபவர்களை ஆண்டுக்கணக்கில் வேறு எதையெதையோ படிக்க வைத்துவிட்டு, கடைசியில்தான் வேதத்தைத் தொட விடுகிறார்கள் என்று பின்னாளில் குறைபட்டு எழுதினார்.

1516-ல் ஒரு திருப்பம். டச்சு அறிஞர் எராஸ்மஸ், புதிய ஏற்பாட்டை அதன் மூல மொழியான கிரேக்கத்தில் அச்சிட்டு வெளியிட்டார். லத்தீனுக்குப் பின்னால் ஒளிந்திருந்த மூலம் முதல் முறையாகப் படித்தவர்கள் கைக்கு வந்தது. லத்தீன் சொல்வதும் கிரேக்கம் சொல்வதும் சில இடங்களில் ஒன்றாக இல்லை என்பது வெளியே தெரிய ஆரம்பித்தது.

1520-களின் தொடக்கத்தில் டிண்டேல் தன் சொந்த ஊர்ப்பக்கம் திரும்பினார். லிட்டில் சாட்பரி என்ற ஊரில் சர் ஜான் வால்ஷ் என்பவரின் பிள்ளைகளுக்கு ஆசிரியர் வேலை. அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு ஊர்ப் பெரியவர்கள், திருச்சபையின் உயர் பதவிக்காரர்கள் எல்லோரும் வருவார்கள். பேச்சு வேதத்தின் பக்கம் திரும்பும். அவர்கள் எதைச் சொன்னாலும், அது எந்த வசனத்தில் இருக்கிறது என்று காட்டுங்கள் என்று கேட்பது டிண்டேலின் வழக்கம். பல நேரங்களில் அவர்களால் காட்ட முடியவில்லை.

விருந்தாளிகளுக்கு இது பிடிக்குமா? மதவிரோதக் கருத்து பேசுகிறார் என்று புகார் போனது. மறைமாவட்ட அதிகாரி அழைத்து விசாரித்தார். தண்டனை எதுவும் இல்லாமல் டிண்டேல் திரும்பினார்.

அந்தக் காலகட்டத்தில் நடந்த ஒரு வாக்குவாதத்தை, பின்னாளில் ஜான் ஃபாக்ஸ் என்ற வரலாற்றாசிரியர் பதிவு செய்திருக்கிறார். கடவுளின் சட்டம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, போப்பின் சட்டம் இருந்தால் போதும் என்கிற மாதிரி ஒரு படித்தவர் பேசிவிட்டாராம். டிண்டேலுக்குச் சுர்ரென்று ஏறியது. தனக்கு ஆயுள் இருந்தால், ஏர் ஓட்டும் பையனுக்குக்கூட உங்களைவிட அதிகமாக வேதம் தெரியும்படி செய்துவிடுவேன் என்று பதில் கொடுத்தாராம். அதற்குப் பிறகு அவர் செய்த எல்லாமே அந்த ஏர் ஓட்டும் பையனுக்காகத்தான்.

சட்டப்படி கேட்டுப் பார்த்தார்... கதவு திறக்கவில்லை

டிண்டேல் எடுத்த எடுப்பில் சட்டத்தை மீறவில்லை. இது பலருக்குத் தெரியாத விஷயம். 1523-ல் லண்டனுக்குப் போய், பிஷப் கத்பர்ட் டன்ஸ்டாலிடம் ஆதரவு கேட்டார். டன்ஸ்டால் பெரிய படிப்பாளி, எராஸ்மஸின் நண்பர். அவர் வீட்டில் தங்கி, அவர் அனுமதியோடு மொழிபெயர்க்கலாம் என்பது டிண்டேலின் கணக்கு. தன் திறமைக்குச் சான்றாக, கிரேக்கத்தில் இருந்து மொழிபெயர்த்த ஓர் உரையையும் கையோடு எடுத்துப் போயிருந்தார்.

வீட்டில் ஏற்கனவே ஆட்கள் நிறைய இருக்கிறார்கள், வேறு இடம் பாருங்கள் என்று பிஷப் அனுப்பிவிட்டார்.

அப்போது கைகொடுத்தவர் ஹம்ஃப்ரி மன்மத் என்ற துணி வியாபாரி. டிண்டேலின் பிரசங்கத்தைக் கேட்டுப் பிடித்துப்போய், தன் வீட்டில் பல மாதங்கள் தங்க வைத்தார். இந்த உதவிக்காகவே பின்னாளில் மன்மத் லண்டன் டவர் சிறைக்குப் போக வேண்டியிருந்தது.

லண்டனில் மட்டுமல்ல, இங்கிலாந்து முழுக்கத் தேடினாலும் இந்த வேலைக்கு இடம் கிடைக்காது என்று டிண்டேலுக்குப் புரிந்தது. 1524-ல் கப்பலேறி ஜெர்மனி போனார். அதற்குப் பிறகு தாய்நாட்டு மண்ணை அவர் மிதிக்கவே இல்லை.

போதையில் உளறிய அச்சுத் தொழிலாளர்கள்

1525-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் அச்சு வேலை தொடங்கியது. மத்தேயு சுவிசேஷம் போய்க்கொண்டிருந்தபோதே விஷயம் கசிந்துவிட்டது. அச்சுத் தொழிலாளர்கள் சிலர் மது அருந்தும்போது பெருமையடித்துக்கொண்டார்கள். அதைக் கேட்டவர் லூதரின் கடும் எதிரியான கோக்லேயஸ். உடனே அதிகாரிகளுக்குத் தகவல் போனது.

டிண்டேலும் அவரது உதவியாளர் வில்லியம் ராயும் அச்சான தாள்களை அள்ளிக்கொண்டு, ரைன் நதி வழியாக வோர்ம்ஸ் நகருக்குத் தப்பினார்கள். அங்கேதான் 1526-ல் முழுப் புதிய ஏற்பாடும் அச்சாகி முடிந்தது. கிரேக்க மூலத்தில் இருந்து ஆங்கிலத்துக்கு வந்து, அச்சேறிய முதல் புதிய ஏற்பாடு அதுதான்.

கைக்கு அடக்கமான அளவு. துணிப் பொதிகளுக்கு நடுவே ஒளித்து வைத்து இங்கிலாந்துக்குக் கடத்தினார்கள். துணி வியாபாரிகளின் கப்பல்கள் அதற்கு வழி செய்தன. லண்டன், ஆக்ஸ்ஃபோர்டு, கேம்பிரிட்ஜ் என்று புத்தகம் பரவியது. அப்போதுதான் தொடக்கத்தில் பார்த்த அந்தத் தீ மூட்டப்பட்டது. மொழிபெயர்ப்பில் ஆயிரக்கணக்கான பிழைகள் இருப்பதாக டன்ஸ்டால் குற்றம்சாட்டினார்.

இதில் ஒரு வேடிக்கையான சம்பவமும் உண்டு. எட்வர்ட் ஹால் என்பவர் எழுதிய வரலாற்றில் இது வருகிறது. புத்தகங்களை மொத்தமாக வாங்கி எரித்துவிடலாம் என்று டன்ஸ்டால் நினைத்தாராம். அகஸ்டின் பேக்கிங்டன் என்ற வியாபாரி இடையில் நின்று வாங்கிக் கொடுத்தாராம். புத்தகம் பிஷப்புக்கு, காசு டிண்டேலுக்கு! அந்தக் காசில் பிழைகளைத் திருத்தி இன்னும் அதிகமாக அச்சிட்டார் என்கிறது அந்தக் கதை.

அப்படி என்னதான் இருந்தது அந்தப் புத்தகத்தில்?

சண்டையின் மையத்தில் இருந்தவை சில சொற்கள்தான். தமிழ் பைபிள் வாசிப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும்.

* கிரேக்கத்தில் 'எக்ளீசியா' என்ற சொல். பழைய வழக்கப்படி அது திருச்சபை என்ற அமைப்பைக் குறிக்கும் 'சர்ச்'. டிண்டேல் கூடிவரும் மக்கள் என்ற பொருளில் 'காங்ரிகேஷன்' என்று போட்டார்.

* 'பிரஸ்பிட்டரோஸ்' என்ற சொல்லுக்குப் பாதிரியார் என்ற பொருளில் 'பிரீஸ்ட்' என்று போடாமல், முதலில் 'சீனியர்' என்றும் பிறகு 'எல்டர்' என்றும் மொழிபெயர்த்தார்.

* மனம் மாறுவதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லை, பாதிரியார் விதிக்கும் பரிகாரத்தைச் செய்வது என்று பொருள்படும்படி சொல்லி வந்தார்கள். டிண்டேல் 'ரிப்பென்ட்' என்று மாற்றினார்.

* 'அகாபே' என்ற சொல்லுக்கு தர்மம் என்றும் பொருள் தரும் 'சாரிட்டி'யை விட்டுவிட்டு 'லவ்' என்று எழுதினார்.

இன்றைக்குத் தமிழ் புராட்டஸ்டன்ட் பைபிளைத் திறந்து பாருங்கள். சபை, மூப்பர், மனந்திரும்புங்கள், அன்பு என்றுதான் இருக்கும். நமக்கு இவை சாதாரணச் சொற்கள். அன்றைக்கு இவை ஒவ்வொன்றும் வெடிகுண்டு.

ஏன்னா, மூல வசனத்தில் மூப்பர் என்று இருந்தால், பாதிரியார் என்ற தனிப் பதவிக்கு அந்த வசனத்தில் ஆதாரம் எங்கே என்ற கேள்வி வரும். மனந்திரும்பு என்று இருந்தால், பரிகாரமும் அதற்காகக் கட்டும் பணமும் எதற்கு என்ற கேள்வி வரும். மேடையில் நின்று பேசுபவரை, கீழே நிற்பவர் கேள்வி கேட்க முடியும். அதுதான் பயம்.

எதிர்த்தரப்பு வாதம் என்ன?

டிண்டேலுக்கு எதிராகக் களம் இறங்கியவர் சாதாரண ஆள் இல்லை. 'யுடோபியா' எழுதிய சர் தாமஸ் மோர். 1529-ல் தொடங்கி ஆயிரக்கணக்கான பக்கங்கள் எழுதி டிண்டேலைச் சாடினார்.

மோரின் வாதத்தை லேசில் தள்ளிவிட முடியாது. புதிய ஏற்பாடு எழுதப்படும் முன்பே திருச்சபை இருந்தது. எந்தெந்தப் புத்தகம் வேதத்தில் சேரும் என்று நமக்குச் சொன்னதே திருச்சபைதான். அப்படியிருக்க, திருச்சபையை ஒதுக்கிவிட்டு ஆளாளுக்குப் புத்தகத்தைப் படித்து அர்த்தம் சொல்ல ஆரம்பித்தால் எது உண்மை என்று யார் முடிவு செய்வது? மோர் ஆங்கில பைபிளே கூடாது என்று சொன்னவரும் இல்லை. பிஷப்புகளின் மேற்பார்வையில் வரட்டும் என்பதுதான் அவர் நிலை.

டிண்டேலின் பதில் இது: ஒரு செய்தியைக் கேட்டதால்தான் மக்கள் நம்பினார்கள், நம்பியதால்தான் சபை உருவானது. ஆக, வார்த்தை முதலில், சபை அதற்குப் பின். வார்த்தையால் பிறந்த சபை, அந்த வார்த்தைக்குக் கீழ்ப்பட்டுத்தான் இருக்க வேண்டும். பழைய ஏற்பாட்டில் ஆசாரியர்களே வழி தவறியபோது தீர்க்கதரிசிகள் வேதத்தைக் காட்டித்தானே கண்டித்தார்கள் என்பது அவர் கேள்வி.

இது வெறும் பேனாச் சண்டையாக இருக்கவில்லை. டிண்டேலின் புத்தகங்களைக் கடத்திய முன்னாள் துறவி ரிச்சர்ட் பேஃபீல்டு 1531-ல் லண்டனில் உயிரோடு எரிக்கப்பட்டார். அப்போது நாட்டின் லார்ட் சான்சலர் பதவியில் இருந்தவர் மோர்.

பிரசங்கியாருக்கும் ஒரு கடிவாளம்

1528-ல் டிண்டேல் எழுதிய 'ஒரு கிறிஸ்தவனின் கீழ்ப்படிதல்' என்ற நூல், பிரசங்கம் செய்பவர்களை நேரடியாகத் தொட்டது.

அந்தக் காலப் பிரசங்க முறையில் ஒரு வசனத்துக்கு நான்கு அடுக்குப் பொருள் சொல்வார்கள். நேரடிப் பொருள் ஒன்று. அதற்கு மேல் உருவகப் பொருள், ஒழுக்கப் பொருள், மறுமையைப் பற்றிய பொருள். திறமைசாலி ஒருவர் நினைத்தால் எந்த வசனத்தில் இருந்தும் எதையும் எடுத்துவிடலாம். கேட்பவர்களுக்கு அதைச் சரிபார்க்க வழியே இல்லை.

டிண்டேல் இதை மறுத்தார். வேதத்துக்கு ஒரே பொருள்தான், அது நேரடிப் பொருள் என்றார். வேதம் உவமையில் பேசினால், அந்த உவமை எதைச் சொல்ல வந்ததோ அதுவே அதன் நேரடிப் பொருள். பிரசங்கியார் விளக்கத்துக்காக ஒரு உருவகம் சொல்லிக்கொள்ளலாம், தப்பில்லை. ஆனால் அந்த உருவகத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. முதலில் வசனத்தின் நேரடிப் பொருளில் அது இருக்க வேண்டும்.

எளிமையாகச் சொல்லணும்னா, பிரசங்கியார் வசனத்தைத் தன் இஷ்டத்துக்கு வளைக்கக் கூடாது. வசனம்தான் பிரசங்கியாரை வளைக்க வேண்டும்.

ராஜாவையும் விட்டுவைக்கவில்லை

அதே நூலில், மன்னருக்கு மக்கள் கீழ்ப்படிய வேண்டும், போப்புக்கு மன்னர் மீது அதிகாரம் இல்லை என்றும் எழுதியிருந்தார். மன்னர் எட்டாம் ஹென்றிக்கு இது இனித்தது. அப்போது அவர் முதல் மனைவி கேத்தரினை விலக்கிவிட்டு ஆன் பொலினை மணக்கத் துடித்துக்கொண்டிருந்த நேரம். போப் அதற்கு முட்டுக்கட்டை.

இங்கேதான் டிண்டேலுக்கு அருமையான வாய்ப்பு. மன்னருக்கு ஆதரவாக ஒரு நூல் எழுதியிருந்தால் போதும். பாதுகாப்பாக நாடு திரும்பியிருக்கலாம், ஆங்கில பைபிளுக்கு அரச அனுமதிகூடக் கிடைத்திருக்கலாம்.

அவர் செய்தது நேர் எதிர். 1530-ல் வெளியிட்ட நூலில், மன்னரின் திருமணத்தை ரத்து செய்ய வேதத்தில் ஆதாரம் இல்லை என்று எழுதிவிட்டார். ஹென்றி கொதித்துப்போனார். பிஷப்புக்கு ஒரு அளவுகோல், தனக்குப் பயன்படக்கூடிய மன்னருக்கு வேறொரு அளவுகோல் என்று டிண்டேல் வைத்துக்கொள்ளவில்லை. அதற்கான விலை என்ன என்பதும் அவருக்குத் தெரிந்தே இருந்தது.

1531-ல் மன்னர் தரப்பில் இருந்து ஸ்டீபன் வான் என்ற வியாபாரி ஆண்ட்வெர்ப் நகருக்கு வந்தார். டிண்டேலை நாடு திரும்ப வைப்பது அவர் வேலை. ஊருக்கு வெளியே ஒரு வயல்வெளியில் இருவரும் ரகசியமாகச் சந்தித்தார்கள். பேச்சுவார்த்தையின்போது டிண்டேல் கண் கலங்கிவிட்டதாக வான் மன்னருக்கு எழுதினார்.

டிண்டேல் வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. விளக்கவுரை எதுவும் வேண்டாம், வெறும் வேத வசனங்களை மட்டும் மக்கள் மொழியில் வெளியிட மன்னர் அனுமதிக்கட்டும். யார் மொழிபெயர்த்தாலும் சரி. அப்படி நடந்தால் தான் இனி ஒரு வரிகூட எழுத மாட்டேன், மன்னரின் காலில் விழுந்து எந்தத் தண்டனையையும், மரணத்தைக்கூட ஏற்கிறேன் என்றார். மன்னர் சம்மதிக்கவில்லை.

தன் மொழிபெயர்ப்பையே திருத்தியவர்

1530-ல் பழைய ஏற்பாட்டின் முதல் ஐந்து ஆகமங்களை வெளியிட்டார் டிண்டேல். 1290-லேயே யூதர்களை நாடு கடத்திவிட்ட இங்கிலாந்தில் எபிரேயம் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. டிண்டேல் அதைக் கற்று, நேரடியாக எபிரேயத்தில் இருந்தே மொழிபெயர்த்தார்.

1534-ல் புதிய ஏற்பாட்டைத் திருத்தி மறுபடியும் வெளியிட்டார். பிழை இருந்தால் சுட்டிக்காட்டுங்கள், திருத்துங்கள் என்று முதல் பதிப்பிலேயே படித்தவர்களைக் கேட்டுக்கொண்டவர் அவர். வேதத்துக்குத்தான் அதிகாரம், தன் மொழிபெயர்ப்புக்கு இல்லை என்பதில் அவருக்குக் குழப்பமே இல்லை.

ஆனால் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. ஜார்ஜ் ஜாய் என்ற சக சீர்திருத்தவாதி, டிண்டேலிடம் சொல்லாமலே அவரது மொழிபெயர்ப்பில் கைவைத்தார். பல இடங்களில் உயிர்த்தெழுதல் என்பதை எடுத்துவிட்டு, இந்த வாழ்வுக்குப் பின் வரும் வாழ்வு என்று தன் கருத்துக்கு ஏற்ப மாற்றினார். டிண்டேல் கடுமையாகக் கண்டித்தார். மாற்றணும்னா மூலத்தைப் பார்த்து மாற்று, உன் பெயரைப் போட்டு வெளியிடு என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். கருத்து முன்னால் வந்து வசனம் பின்னால் போனால், அதைச் செய்வது பிஷப்பா நண்பரா என்று அவர் பார்க்கவில்லை.

ஆண்ட்வெர்ப்பில் அவர் வாழ்க்கை எளிமையானது. ஃபாக்ஸ் தரும் தகவல்படி, வாரத்தில் இரண்டு நாட்களை மற்றவர்களுக்காக ஒதுக்கிவிடுவார். திங்கட்கிழமை இங்கிலாந்தில் இருந்து தப்பி வந்த அகதிகளைப் பார்க்கப் போவார். சனிக்கிழமை நகரின் மூலைமுடுக்கெல்லாம் போய் ஏழைகளுக்கு உதவுவார். ஞாயிற்றுக்கிழமை ஒரு வியாபாரியின் அறையில் கூடியவர்களுக்கு வேதத்தை வாசித்துக் காட்டுவார். மற்ற நாட்களில் எழுத்து வேலை.

காட்டிக்கொடுத்த நண்பன்

ஆண்ட்வெர்ப்பில் டிண்டேல் தங்கியிருந்தது தாமஸ் பாயின்ட்ஸ் என்ற ஆங்கில வியாபாரியின் பொறுப்பில். அந்த வீட்டுக்குள் இருந்தவரை பாதுகாப்பு இருந்தது. 1535-ல் ஹென்றி பிலிப்ஸ் என்ற இளைஞன் அறிமுகமானான். அப்பாவின் பணத்தைச் சூதாட்டத்தில் தொலைத்துவிட்டு வந்தவன். இனிக்க இனிக்கப் பேசினான். பாயின்ட்ஸுக்குச் சந்தேகம், டிண்டேலுக்கு நம்பிக்கை.

அந்த ஆண்டு மே மாதத்தில் ஒரு நாள், பாயின்ட்ஸ் வெளியூர் போயிருந்த நேரம். அன்றைக்குக் காலையில் பிலிப்ஸ் டிண்டேலிடமே கடன் வாங்கினான். பிறகு இருவரும் சாப்பிடக் கிளம்பினார்கள். குறுகலான சந்து. மரியாதை காட்டுவதுபோல டிண்டேலை முன்னால் போகவிட்டான். வாசலில் காத்திருந்த காவலர்களுக்கு, பின்னால் இருந்து விரலை நீட்டிக் காட்டினான். கதை முடிந்தது.

பிரஸ்ஸல்ஸ் அருகே வில்வோர்ட் கோட்டையில் அடைத்தார்கள். அவரை மீட்கப் போராடிய பாயின்ட்ஸும் கைதாகி, தப்பி ஓடி, தொழிலையே இழந்தார். ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல்லும் கடிதம் எழுதிப் பார்த்தார். பலன் இல்லை.

சிறையில் இருந்து டிண்டேல் தன் கைப்பட லத்தீனில் எழுதிய கடிதம் ஒன்று இன்றைக்கும் பெல்ஜியத்தில் பத்திரமாக இருக்கிறது. குளிர்காலம் வருகிறது, தலையில் சளி வாட்டுகிறது, கதகதப்பான தொப்பியும் மேலங்கியும் வேண்டும் என்று கேட்கிறார். இருட்டில் தனியாக உட்கார்ந்திருப்பது கஷ்டமாக இருக்கிறது, மாலையில் ஒரு விளக்கு வேண்டும் என்கிறார். எல்லாவற்றையும்விட முக்கியமாக அவர் கேட்டது மூன்று: எபிரேய பைபிள், எபிரேய இலக்கணம், எபிரேய அகராதி. பழைய ஏற்பாட்டு வேலை பாக்கி இருந்ததே!

லுவென் பல்கலைக்கழக இறையியல் அறிஞர்கள் அவரிடம் வாதம் செய்து பார்த்தார்கள். அவர் நிலையில் மாற்றமில்லை. 1536 ஆகஸ்ட்டில் மதவிரோதி என்று தீர்ப்பு. பாதிரியார் பட்டம் பறிக்கப்பட்டது. அக்டோபரில் கம்பத்தில் கட்டி, கழுத்தை நெரித்துக் கொன்று, உடலை எரித்தார்கள். இங்கிலாந்து மன்னரின் கண்களைத் திறக்க வேண்டும் என்று கடவுளிடம் கேட்டதுதான் அவரது கடைசி ஜெபம் என்கிறார் ஃபாக்ஸ்.

இதில் இன்னொரு சோகம். டிண்டேல் சிறையில் இருந்தபோதே, 1535 ஜூலையில் தாமஸ் மோரின் தலை லண்டனில் துண்டிக்கப்பட்டது. மன்னரைத் திருச்சபையின் தலைவராக ஏற்க மறுத்ததுதான் காரணம். ஜென்ம எதிரிகளான இருவருமே, மன்னருக்காகத் தங்கள் மனசாட்சியை மாற்றிக்கொள்ளவில்லை.

அதன் பிறகு நடந்தது என்ன?

டிண்டேலின் நண்பர் ஜான் ராஜர்ஸ், அவர் முடித்து வைத்திருந்த பகுதிகளையும் மைல்ஸ் கவர்டேல் மொழிபெயர்த்த பகுதிகளையும் சேர்த்து 1537-ல் ஒரு முழு பைபிளை வெளியிட்டார். அட்டையில் இருந்தது தாமஸ் மேத்யூ என்ற புனைபெயர். அதை விற்க அனுமதி கொடுத்தவர் யார் தெரியுமா? அதே எட்டாம் ஹென்றி!

1538-ல் ஒவ்வொரு தேவாலயத்திலும் ஆங்கில பைபிள் ஒன்றை வைக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. அதற்காக 1539-ல் 'கிரேட் பைபிள்' அச்சானது. அதில் பெரும்பகுதி டிண்டேலின் உழைப்பு. 1541-ல் வந்த ஒரு பதிப்பின் முகப்பில், மேற்பார்வை செய்தவர்களில் ஒருவராக ஒரு பிஷப்பின் பெயர் இருக்கிறது. கத்பர்ட் டன்ஸ்டால். வீட்டில் இடம் இல்லை என்று சொல்லி, பிறகு புத்தகத்தை எரித்த அதே ஆள்.

ஆனால் கதை சுபமாக முடியவில்லை. 1543-ல் வந்த சட்டம் டிண்டேலின் மொழிபெயர்ப்பைப் பெயர் சொல்லித் தடை செய்தது. கைத்தொழிலாளர்கள், வேலைக்காரர்கள், உழவர்கள், சாதாரணப் பெண்கள் ஆங்கில பைபிளை வாசிக்கவே கூடாது என்றது. ஏர் ஓட்டும் பையனிடம் இருந்து புத்தகத்தை மறுபடியும் பிடுங்கினார்கள். ஹென்றி இறந்த பிறகு, 1547-ல்தான் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

1611-ல் வந்த புகழ்பெற்ற கிங் ஜேம்ஸ் பைபிளின் புதிய ஏற்பாட்டில் பத்தில் எட்டு பங்குக்கும் மேல் டிண்டேலின் சொற்கள்தான் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். வோர்ம்ஸில் அச்சான 1526 பதிப்பில் இன்று மிஞ்சியிருப்பதாகத் தெரியவந்துள்ள பிரதிகள் மூன்றே மூன்று. அதில் ஒன்றை 1994-ல் பிரிட்டிஷ் நூலகம் 10 லட்சம் பவுண்டுக்கும் அதிகமாகக் கொடுத்து வாங்கியது. ஒரு காலத்தில் எரிப்பதற்காகக் காசு கொடுத்து வாங்கிய அதே புத்தகம்!

ஞாயிற்றுக்கிழமை எந்தத் தேவாலயத்துக்குப் போனாலும் ஒரு காட்சியைப் பார்க்கலாம். மேடையில் போதகர் ஒரு வசனத்தைச் சொல்வார். கீழே உட்கார்ந்திருக்கும் பாட்டி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பைபிளைப் புரட்டுவார், பக்கத்தில் இருக்கும் பேரன் மொபைலில் தேடுவான். அவர் சொன்னது அங்கே அப்படித்தான் இருக்கிறதா என்று இருவரும் பார்ப்பார்கள். போதகரும் அதற்காகக் கொஞ்சம் காத்திருப்பார்.

டிண்டேல் கேட்டது அவ்வளவுதான்.